கால் நீட்டி உட்கார்ந்தவள்

என் தங்கை ஜெனிவீவ் சுவரில் ஆள் வரைவதென்றால் முதலில் கண்ணைத்தான் வரைவாள். கண் சிக்கிவிட்டால் ஆள் சிக்கிவிடும் என்பது அவள் கட்சி. மூக்கு, வாய், உடம்பு எல்லாம் பிறகு ஆற அமர வரும். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், உடம்பு முடியாமல் கண் திறந்தால் ஆகாது என்கிற பேச்சே எங்கள் வீட்டில் இருந்ததில்லை. தெரிந்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

நான் அவள் அக்கா, அந்தோனியம்மாள். வயது ஐம்பத்தைந்து. பாசிர் ரிஸ்ஸில் ஒரு கிளினிக் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் நம்பர் கூப்பிட்டுவிட்டு, முழங்கால் வலியோடு வேலையை விட்டவள். விட்ட மறு வாரமே தங்கை எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தாள். ஏணி பிடிப்பது. எனக்குப் பேய் பயம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் வீட்டுக்காரர் ரிச்சர்ட் கிண்டல் செய்வார். நான் இதையெல்லாம் பார்த்தது பட்டப்பகலில்.

ஜெனிவீவுக்கு நாற்பத்தொன்பது. பிடோக்கில் மூவறை வீடு, தனியாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று எங்கள் கோயில் பங்கில் இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாரநாளில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குப் பத்திரம் சரிபார்ப்பாள். சனி, ஞாயிறு சுவர். இந்த ஊரில் அனுமதி இல்லாமல் சுவரைத் தொட்டால் பிரம்படி வரைக்கும் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கடைக்காரர்களிடம் நடையாய் நடந்து, காகிதம் எல்லாம் முறையாக வாங்கிக்கொண்டுதான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. உட்கார்ந்திருக்கும் பெண்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா லாசரஸ் ஒரு நாளைக்கு இருபது தடவை "காலை ஒடுக்கி உட்காரு" என்பார். நான் ஒடுக்கிக்கொள்வேன். அவள் எழுந்து நின்றுவிடுவாள். இருபது வயதில் கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்திரை வரையச் சொன்னார்கள். மாதா பிள்ளை பெற்ற களைப்பில் வைக்கோலில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறாள், சூசையப்பர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறார். அப்படி வரைந்து வைத்தாள். மாதா மண்டியிட்டிருக்க வேண்டும் என்றார்கள் பங்குப் பேரவைப் பெரியவர்கள். "பிள்ளை பெத்த அன்னைக்கு உங்க வீட்டம்மா மண்டி போட்டாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். அந்தத் திரை போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆட்கள் கூடுகிற கடைத்தெரு, தேக்காவுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். கடல் தாண்டி ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஆண்கள் புல்லிலும் படியிலும் கடை ஓரத்திலும் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன் பேசுவார்கள். பேசட்டும், ஆறு நாள் முதுகு ஒடிய உழைக்கிறவர்கள். ஆனால் ஒரு பெண்ணை அப்படிப் பார்க்க முடியாது. பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நடந்துகொண்டே இருப்பார்கள். "உட்காராதேன்னு எந்த போர்டுலயும் இல்லக்கா. போர்டே இல்லாம நாம நிக்கிறோம் பாரு" என்பாள் ஜெனிவீவ்.

பாத்திரக்கடை அழகப்பனின் கடைக்குப் பின்சந்தில் ஒரு மொட்டைச் சுவர் இருந்தது. டூரிஸ்ட்டுகள் நின்று படம் எடுத்துக்கொள்கிற மாதிரி நம்ம பெண் ஒருத்தியை வரையச் சொன்னார். உட்கார்ந்திருக்கும் பெண் என்று ஜெனிவீவ் எழுதிக் கொடுத்தாள். அவர் மனசில் தாமரையும் வீணையும் ஓடியிருக்கும், சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

முகத்துக்கு ஆள் அந்தச் சந்திலேயே கிடைத்தாள். மங்களம். தினமும் காலையில் அந்தச் சந்தைக் கூட்டிக் கழுவுகிற துப்புரவுத் தொழிலாளி, ஐம்பத்தாறு வயது, உட்லண்ட்ஸிலிருந்து முதல் ரயிலில் வருகிறவள். தொப்பி, மாஸ்க், மஞ்சள் சட்டை. நான் ஒரு மாசம் பார்த்தும் அவள் முகம் எனக்குத் தெரியாது. டிசம்பரில் ஒரு நாள் மழை கொட்டியபோது எங்களோடு ஒதுங்கி நின்று, மாஸ்க்கைக் கழற்றி, கோப்பி குடித்தாள். நின்றுகொண்டே குடித்தாள். உட்காருங்கள் என்று முக்காலியைத் தள்ளினேன். "யூனிஃபார்மோட உக்காந்தா யாராச்சும் போட்டோ புடிச்சு கம்ப்ளெயின் பண்ணிடுவாங்க லா" என்றாள். நல்ல அகலமான முகம். இடது கண் மட்டும் லேசாக ஓரம் பார்க்கும்.

"உங்க முகத்த இங்க வரையலாமா மங்களக்கா?" என்று கேட்டாள் ஜெனிவீவ்.

மங்களம் சிரித்துவிட்டாள். "என் மூஞ்சியவா? வரைஞ்சுக்கோங்க தங்கச்சி. யாருக்குத் தெரியப்போவுது."

இரண்டு வார இறுதியில் முகம் முடிந்தது. ஆறடி உயர முகம். கீழே கழுத்து இல்லை, உடம்பு இல்லை, வெறும் வெள்ளைச் சுவர். அந்த ஓரக்கண்ணை அப்படியே பிடித்திருந்தாள். அதனால் சந்தின் எந்த மூலைக்குப் போய் நின்றாலும் இரண்டில் ஒரு கண் நம்மைப் பார்த்தது. வலது கண்ணிடம் தப்பித்தால் இடது கண்ணிடம் மாட்டுவோம். எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது, ஜெனிவீவுக்குக் காய்ச்சல் வேறு. மூன்று வாரம் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

ஜனவரி முதல் சனிக்கிழமை போனபோது அழகப்பன் தன் கடையின் பின்சுவருக்கு முன்னால் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். கீழே ஏழு எலுமிச்சம்பழம். சூடம் எரிந்த கறுப்பு வட்டம். மேலே, சுவரில் இருந்தவளின் நெற்றியில், உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம்.

"என்னம்மா இது? கண்ணத் தொறந்து வெச்சிட்டு பாதியில போயிட்டீங்க?" என்றார்.

"மழை அண்ணே."

"மழையா? உடம்பு இல்லாம கண்ணு தொறந்தா அது உடம்பு தேடும்மா. எங்க வீட்டுல இந்தப் பக்கமே வர மாட்டேங்குறா."

நெற்றி பன்னிரண்டு அடி உயரத்தில் இருந்தது. எங்கள் ஏணி அவர் கிடங்குக்குள் பூட்டிக் கிடந்தது, சாவி அவர் இடுப்பில். ஏறியது யார்? சந்தின் முனையில் அவருடைய கேமரா இருந்தது. பார்த்துவிடலாமே என்றேன். அவர் இரண்டு கையையும் ஆட்டினார். "நான் பாக்க மாட்டேன். பார்த்து ஏதாவது தெரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் எப்படிக் கடையத் தொறக்குறது?"

ஜெனிவீவ் ஏணியேறிக் குங்குமத்தைத் துடைத்தாள். தூள் போயிற்று, சிவப்புப் போகவில்லை. மறு வாரம் போனால் புதுக் குங்குமம். அதற்கு மறு வாரமும். கீழ்ச்சுவரில் மழை ஈரம் இன்னும் காயாததால் உடம்பைத் தொடங்க வழியில்லை, துடைப்பது மட்டும்தான் வேலை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு முதுகு காட்டி நிற்பேன். பிடரியில் எறும்பு ஊருவது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் இடது கண். பையில் கை விட்டு ஜெபமாலையை உருட்டுவேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் பாதியில் மறந்துவிடும். சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம் எனக்கு அந்தச் சந்தில் மட்டும் மறந்தது.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். மதிய இடைவேளையில் ஆபீஸ் உடுப்போடு, காய்கறிப் பையோடு, பிள்ளையை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு. யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. கிசுகிசுவென்று சுவரிடம் ஏதோ சொல்வார்கள், காத்திருப்பார்கள், பிறகு பதில் கேட்டவர்கள் போலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. என்ன கேட்டார்கள்? என்ன பதில் வந்தது?

ஜெனிவீவுக்குப் பயமில்லை, ஆத்திரம். "நான் ஒரு மனுஷிய வரைஞ்சேன்க்கா. இவங்க சாமியாக்கிட்டாங்க. சாமியாக்கிட்டா அப்புறம் அவ ஒரு நிமிஷம் காலை நீட்ட முடியுமா?" குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்த கதை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். அந்த எலுமிச்சம்பழத்தைக் கூட்டி அள்ளுகிறவள் மங்களம். தன் முகத்துக்குக் கீழே, தனக்கு வைத்த பழத்தை, தொப்பியும் மாஸ்க்குமாகக் குனிந்து பெருக்குவாள். "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, சாமி கும்பிடுறோம்" என்பார்கள். அவள் தள்ளிக்கொள்வாள். மேலே இருப்பவளும் கீழே இருப்பவளும் ஒருத்தி என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிகிற அந்த ஓரக்கண்ணைக்கூட யாரும் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மீன் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். என் கால் ஏன் என்னை அந்தச் சந்து வழியாகக் கூட்டிப்போனது என்று தெரியாது. சந்தில் ஆள் இல்லை. சுவரில் ஒரு நீளமான, மெல்லிய கை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்பு. நெற்றிக்குப் போய் மெதுவாக, வட்டமாகத் தடவியது.

"சேசுவே" என்று கத்திவிட்டேன். மீன் பை விழுந்தது.

கை என்று நான் நினைத்தது ஒட்டடைக்கம்பு. நுனியில் ஒரு பஞ்சுத் துண்டு கட்டியிருந்தது. கம்பின் இந்த முனையில் மங்களம் நின்றாள். மாஸ்க் இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது.

"பயந்துட்டீங்களா அந்தோனியம்மா?"

"நீங்களா? இத்தன நாளும் நீங்களா?"

"பழமும் சூடமும் நானில்ல. அது அவங்களா வெக்கிறது. பொட்டு மட்டுந்தான் நான்." கம்பை இறக்கிப் பஞ்சை அவிழ்த்தாள். "அவரு போயி எட்டு வருஷமாச்சு. எனக்கு வெச்சா ஊரு பேசும். அதுக்கு வெச்சா யாரு பேசுவா?"

அப்புறம் தரையில் விழுந்த மீனை என்னோடு பொறுக்கிக்கொண்டே மீதியையும் சொன்னாள். ஒரே மகன் வெங்கடேஷ், ஏர்கான் டெக்னீஷியன். தை கடைசி முகூர்த்தத்தில் அவனுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது மேடையில் அம்மா இடத்தில் அவனுடைய அத்தை நிற்பாள். பெண்ணின் அம்மா விசாலாட்சி மரியாதையாகத்தான் சொன்னாளாம். அந்த நேரத்துக்கு நீங்கள் பின்னால் சாப்பாட்டு ஹாலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

"மகன் என்ன சொல்றான்?"

"அவன் என்ன சொல்வான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி." கடைசி மீனைப் பையில் போட்டாள். "எனக்கு ஒரு நாற்காலி போதும். மேடை ஓரத்துல. அவன் கட்டுறத நான் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு நாற்காலி. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது அழுகை வந்தது. எனக்கு ஒரே மகன் இருக்கிறான், டாரியஸ். அவன் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுது தீர்த்தவள் நான்.

அடுத்த சனிக்கிழமை காலை நாங்கள் ஏணியை இறக்கிக்கொண்டிருந்தபோது பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் தட்டோடு சந்துக்குள் வந்தாள். வெற்றிலை பாக்கு, பூ, மேலே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைப்பது அவர்கள் வழக்கம். வாளியோடு நின்ற மங்களம் விறைத்துப்போனாள். "சம்பந்தியம்மா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதுதான் விசாலாட்சி. இரண்டு தடவை ஒரே வீட்டில், ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். இருந்தும் அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்ததே கிடையாது போலும். மாஸ்க்கோடு நின்ற மங்களத்தைத் தாண்டிப் போய், தட்டைச் சுவரோரம் வைத்து, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினாள்.

"தாயே, எந்த அபசகுனமும் இல்லாம நீதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்."

மங்களம் வாளியைக் கீழே வைத்தாள். தொப்பியைக் கழற்றினாள், மாஸ்க்கைக் கழற்றினாள். நடந்து போய்ச் சுவருக்கும் விசாலாட்சிக்கும் நடுவில், அந்தப் பெரிய முகத்துக்கு நேர் கீழே, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நின்றாள்.

"நிக்கிறேன் சம்பந்தி. ஒரு நாற்காலி மட்டும் போடுங்க."

விசாலாட்சி கண்ணைத் திறந்தாள். கீழே பார்த்தாள். மேலே பார்த்தாள். மறுபடி கீழே. மேலே குங்குமம், கீழே வெறும் நெற்றி, இரண்டிலும் அதே இடது கண். அவள் உதடு வெளுத்துவிட்டது. கூப்பிய கையைப் பிரிக்க முடியாமல் நின்றாள். பிரிக்கப் பயந்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"போடுறேன்" என்றாள். பிறகு சன்னிதியிலிருந்து வருகிறவர்கள் மாதிரி முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து சந்தைவிட்டுப் போனாள். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

ஒரு வாரம் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மேடைக்கு நாற்காலி வந்துவிட்டது! மறு சனிக்கிழமை மங்களம் வந்தபோது அவள் முகத்தில் கொண்டாட்டம் இல்லை.

"தெனம் பழம் வருது அவங்க வீட்டுலேர்ந்து" என்றாள். "சம்பந்தி எல்லாருகிட்டயும் சொல்லிட்டாங்க போல. மருமகப் பொண்ணு என் கண்ணப் பாக்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டம்மா லிஃப்டுல நான் இருந்தா ஏற மாட்டேங்குறாங்க. நேத்து வெங்கடேஷ் சாப்பிடுறான், பக்கத்துல போயி உக்காந்தேன். தட்ட எடுத்துக்கிட்டு எழுந்துட்டான் தங்கச்சி. 'அவங்கள என்னம்மா பண்ணே?'ன்னு கேக்குறான். காலையில முகம் கழுவுறப்ப கண்ணாடியப் பாக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேனே, அவள் பேசும்போது நான் அவள் வலது கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு உடம்பு போட்டுடுங்க" என்றாள் மங்களம்.

ஜெனிவீவ் உடனே தலையாட்டவில்லை. "நல்லா யோசிங்க மங்களக்கா. உடம்பு போட்டா நீங்க மனுஷி. சாமிக்குப் போட்ட நாற்காலிய மனுஷிக்கு எடுத்துடுவாங்க. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. முடியட்டும், அப்புறம் போடுறேன்."

மங்களம் சுவர் பக்கம் திரும்பினாள். "சாமியா உக்காந்து பாத்தா அது நான் பாத்த கல்யாணமா?" என்றாள். "போடுங்க."

இரண்டே நாளில் போட்டாள். அந்தச் சந்தில் மங்களம் முதல்முறையாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்காருவதற்கு முன் மூன்று தடவை சுற்றிலும் பார்த்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டினாள், யோசித்தாள், இன்னொரு காலையும் நீட்டினாள். "யப்பா" என்று ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், என் முழங்காலுக்கே இதமாக இருந்தது. யாரோ ஒருவன் போனைத் தூக்கினான். நான் குடையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். போட்டோ வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள் என்றேன்.

முடிந்ததைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளங்கால் இரண்டும் ஜன்னல் அளவுக்குச் சந்தைப் பார்த்து நின்றன, வெடிப்பு வெடிப்பான குதிகாலோடு. அதற்கு மேலே முழங்கால், மஞ்சள் சட்டை, மடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி, எல்லாவற்றுக்கும் மேலே அந்த முகம். இப்போது யார் வந்து நின்றாலும் முதலில் அவள் பாதத்துக்கு எதிரேதான் நிற்க வேண்டும். அழகப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே! வெள்ளை அடிச்சிடுவேன்."

"உட்கார்ந்திருக்கிற பெண்ணுன்னுதானே அண்ணே கையெழுத்துப் போட்டீங்க. அடிங்க. கண்ணு மேல நீங்களே பூசுங்க" என்றாள் ஜெனிவீவ். அவர் மேலே பார்த்தார். இன்றுவரை பூசவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து எலுமிச்சம்பழம் நின்றுவிட்டது. கிசுகிசுத்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்து போனார்கள். ஏமாந்துவிட்ட கோபமாக இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பெண்கள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வீட்டுவேலைக்கு வந்தவர்கள், அந்தப் பாதத்துக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். வந்த ஆண்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜெனிவீவ் சந்து முனையில் நின்று பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். முப்பது வருஷமாக அவள் வரைந்ததற்கு அன்றைக்குத்தான் கூலி கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே விசாலாட்சி மங்களத்துக்குப் போன் செய்தாள். சூடம் காட்டியதெல்லாம் வீணாய்ப் போயிற்று என்று முதலில் வருத்தப்பட்டாள். பிறகு, மனுஷி என்றால் முறை முறைதான் என்றாள். நாற்காலி கிடையாது. ஜெனிவீவ் பயந்தது அப்படியே நடந்தது.

கல்யாணம் ஒரு கோயில் மண்டபத்தில். எங்களுக்கும் பத்திரிகை வைத்திருந்தாள் மங்களம். நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் அம்மா இடத்தில் அத்தைக்காரி ஜரிகை மின்ன நின்றாள். மங்களத்தைக் காணோம். சாப்பாட்டு ஹாலில் இலை எண்ணிக்கொண்டிருப்பாள். ஜெனிவீவ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போட்டிருக்கக் கூடாதுக்கா" என்றாள்.

ஐயர் தாலியைத் தட்டில் எடுத்துச் சுற்றி அனுப்பினார். எல்லோர் கையிலும் அட்சதை. அப்போது பக்கத்துக் கதவு திறந்தது.

மங்களம் வெளிர்நீலப் புடவையில் வந்தாள். நேராக வாசலுக்குப் போனாள். அங்கே சந்தனமும் குங்குமமும் ஏந்தி நின்ற பெண், அவளைக் கண்டதும் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். மங்களம் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விரலால் குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்தாள். திரும்பி நடுவழியில் நடந்து வந்தாள்.

கிட்டத்தட்ட இருநூறு பேர் இருந்த மண்டபம் ஓய்ந்துபோனது. அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். பொட்டு வைத்த அந்த முகத்தை அவர்கள் சுவரில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். இப்போது அது நடந்து வருகிறது. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மாள் தன்னையறியாமல் எழுந்தாள், பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. எனக்குத் தெரிந்த மங்களம், என்னோடு மீன் பொறுக்கிய மங்களம், அவளைப் பார்த்தே நான் பயந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மேடைக்கு மூன்று படி. அவள் நாற்காலி தேடவில்லை. நடுப்படியில், ஓரத்தில் கட்டியிருந்த வாழைமரத்தில் முதுகைச் சாய்த்து, முகத்தை மட்டும் மகன் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். ஒரு காலை நீட்டினாள். இன்னொரு காலையும் நீட்டினாள். உள்ளங்கால் இரண்டும் எங்களைப் பார்த்து இருந்தன.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். விசாலாட்சி இரண்டு எட்டு முன்னால் வந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். மங்களத்தை எழுப்ப வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தோன்றியிருக்கும். தொடத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி யார் தலையசைப்பார்கள் என்று முழித்துக்கொண்டிருந்தார்.

வெங்கடேஷ் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். பத்து நாளாக அவள் பக்கத்தில் உட்காராதவன். அவள் நெற்றியைப் பார்த்தான், நீட்டியிருந்த காலைப் பார்த்தான், வெடித்த குதிகாலைப் பார்த்தான். பிறகு மேளக்காரர் பக்கம் திரும்பினான்.

"எங்கம்மா உக்காந்துட்டாங்க" என்றான். "வாசிங்க."